சத்தம் போடாத வளையல்

என் மனைவிக்கு அறுபத்தாறாம் வயதில் ஒரு அப்பா கிடைத்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். எனக்கு எழுபத்திரண்டு. முறைப்படி பார்த்தால் அவர் எனக்கு மாமனார். என்னைவிட முப்பத்திரண்டு வயது இளைய மாமனார் வாய்த்த மனிதன் பெங்களூரில் நான் ஒருவன்தான் என்று நொந்துபோயிருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, எங்கள் அடுக்ககத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் மண்டபத்தின் மாடிப்படியில் நின்று, கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று ஜோடி. அதில் ஆண் செருப்பு ஒன்பது. பாக்கி முப்பத்து நாலு பேரின் வீட்டுக்காரர்களும் என் கட்சிதான். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எண்ணுவது எனக்குப் பழக்கம், பிழைப்பும் அதுதான். சர்க்காரில் புள்ளிவிவரம் சேகரிக்கும் வேலையில் இருந்தேன். இந்த மாநிலத்தின் கிணறு, ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறேன். கோழியை எண்ணுவதுதான் கஷ்டம், ஓரிடத்தில் நிற்காது. பக்தர்களை எண்ணுவது சுலபம். சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

மாமனாரின் பூர்வாசிரமம் பற்றி விசாரித்தேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரை வாங்கி, அதில் ஏதோ ஒரு கம்பியை விட்டு, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டி, "இதைத்தான் உங்கள் குழந்தை குடிக்கிறது" என்று சொல்லும் உத்தியோகம். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக் காட்டிப் பல வருஷம் பயமுறுத்தியவர், ஒருநாள் மனசுக்குள்ளும் அதே அழுக்கைக் கண்டுபிடித்தார். இதில் மெஷின்கூடத் தேவைப்படவில்லை. பயமுறுத்தலே போதுமானதாக இருந்தது.

அந்த அழுக்குக்கு அவர் வைத்த பெயர் 'கலக்கம்'. அது நீங்கினால் வருவது 'தெளிவு'. அவர் நடத்தும் சபைக்கு வருகிறவர்கள் வெளிர்பச்சை உடுத்த வேண்டும், அவரை 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். ஒருவரையொருவர் பார்த்தால் நெஞ்சில் கை வைத்து "தெளிவோம்" என்று சொல்ல வேண்டும். எதிராளி "தெளிந்தோம்" என்று பதில் சொல்ல வேண்டும். என் மனைவி பழக்கதோஷத்தில் பால்காரனிடமும் "தெளிவோம்" என்று சொல்லிவிட்டாள். அவன், "ஒரு லிட்டரா, அரை லிட்டரா?" என்றான். அவன் ஏற்கெனவே தெளிந்தவன்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்றால், லிஃப்டில். எங்களுக்குக் கீழே இரண்டாவது மாடியில் குடியிருக்கும் கன்னடக்காரப் பெண்மணி, என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "ஒந்து சல பன்னி ஆன்ட்டி, எல்லா சரி ஹோகத்தே" என்று கூப்பிட்டாள். ஒரு தடவை வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம். ஒரு தடவைதானே என்று நானும் போகச் சொன்னேன். மண்டபத்துக்கு இருபத்தாறு படி. முழங்காலுக்குப் பயிற்சி என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவளின் முகம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவள் முகம் மாதிரி இருந்தது.

"என்ன பண்ணாங்க அங்க?"

"ஒண்ணும் பண்ணல. உக்கார வெச்சு, என்ன கஷ்டம்னு கேட்டாங்க. சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க."

"இதுக்கு எதுக்கு இருபத்தாறு படி ஏறணும்? என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"உங்ககிட்டயா? முந்தாநாள் சொன்னப்ப என்ன சொன்னீங்க?"

முந்தாநாள் நான், "இதே விஷயத்தை நாலாவது தடவை சொல்றே" என்றிருந்தேன். கணக்கு சரிதான், நாலாவது தடவைதான்.

"அங்க நான் பேசினா கேக்கறாங்க. இங்க நான் பேசினா எண்ணறீங்க" என்றாள்.

சபைக்குப் போவதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அவளுக்கு ஸ்ரீராம்புரத்தில் ஒரு அக்கா இருக்கிறாள். மூன்று வயது மூத்தவள். என்னைவிட மூன்று வயது இளையவள், ஆனால் உறவு முறைக்காக என்னைத் தம்பி என்பாள். அவள் வீட்டுக்காரர் மாநகராட்சியில் தண்ணீர் வால்வு திறந்துவிடும் வேலையில் இருந்தார். செத்துப் பல வருஷம் ஆகிறது. அக்காவும் தங்கையும் தினமும் காலையில் இட்லிப் பானை இறங்கிய கையோடு போனில் பேசுவார்கள். என்ன சட்னி என்பதில் தொடங்கி, யார் வீட்டு மருமகள் யாரை என்ன சொன்னாள் என்பது வரைக்கும் போகும். என் மனைவி சிரித்துச் சிரித்து இருமுவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

புது அப்பாவைப் பற்றியும் அக்காவிடம் சொன்னாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"தண்ணி மெஷின் வித்தவனாடி?" என்றாள் அக்கா. "அப்ப மூணு மாசத்துக்கு ஒரு தரம் ஃபில்டர் மாத்தச் சொல்லுவானே! எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷம் ஊருக்கே தண்ணி தொறந்து விட்டாரு, ஒருத்தனாவது கால்ல வுழுந்தானா?"

என் மனைவியும் சிரித்தாள். சிரித்ததுதான் வினையாகிவிட்டது.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமைதோறும் ஒருவர் முன்னால் வந்து, இந்த வாரம் தனக்குக் கலக்கம் எங்கிருந்து வந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு முறை வந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கூட்டத்தைப் பார்த்தால் இன்னும் வராது. அக்கா சொன்ன ஃபில்டர் வேடிக்கையை அப்படியே சொல்லிவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லையாம். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். திறக்காமலே, "குழாயை மூடுங்கம்மா" என்றார்.

குழாய் என்றால் அக்கா. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அக்காவோடு பேசக் கூடாது, அவள் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது, அவள் கையால் சாப்பிடக் கூடாது. இதற்குப் பெயர் 'தூரம் வைத்தல்'.

மறுநாள் காலையில் இட்லிப் பானை இறங்கியது. போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. என் மனைவி அதைக் கையில் எடுத்து, அது ஓய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்க்கிறவள் வந்து தேய்த்துவிட்டுப் போன பாத்திரங்கள் அவை.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வாதம் செய்வேன். அதுதான் என் குறை, என் வாழ்க்கையில் ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை. "இது பக்தி இல்லை, வேற" என்றேன்.

"வேறன்னா?"

"வேறன்னா வேறதான். மதம் வேற, இந்த மாதிரிக் கூட்டம் வேற."

"படிச்சவர்தானே. என்ன வித்தியாசம்னு சொல்லுங்க, கேக்கறேன்" என்று பச்சைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

காசு பிடுங்குவார்கள் என்று தொடங்கினேன். அவர்கள் ஒரு பைசா வாங்குவதில்லை என்றாள். அதுதான் எனக்கும் சந்தேகம் என்றேன். "கோவில்ல தனி வரிசைக்கு டிக்கெட் எடுத்துட்டு, அந்த வரிசையில எத்தனை பேர்னு எண்ணிக்கிட்டே போனது யாரு?" என்றாள். சரி, அதை விட்டுவிட்டேன்.

ஒரே நிறத்தில் உடுத்தச் சொல்வதைப் பிடித்தேன். "கறுப்பு வேட்டி கட்டி, தாடி வெச்சு, நாப்பத்தெட்டு நாள் செருப்பில்லாம ஆபீசுக்குப் போனீங்களே, அப்ப நான் ஏதாவது கேட்டேனா?" என்றாள். கேட்கவில்லை. மலைக்குப் போன அந்த ஆறு வருஷமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"மனுஷனைப் போய் அப்பாங்கறியே. உனக்கு மகன் வயசு அவனுக்கு."

"மாலை போட்டிருந்தப்ப உங்களை நான் சாமின்னு கூப்பிட்டேன். சாமி, காப்பி வேணுமா. சாமி, கேஸ் தீந்துபோச்சு. உங்களைச் சாமிங்கலாம், அவரை அப்பாங்கக் கூடாதா? எங்கக்கா உங்களைத் தம்பிங்கறா, நீங்க மூத்தவரு. அதுக்கு மட்டும் வயசு பாக்க மாட்டீங்களா?"

அக்கா என்ற வார்த்தை வாயில் வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

கடைசியாக, நம்முடையது ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம் என்றேன். "அப்ப இதுவும் ஆயிரம் வருஷம் ஆனா சரியாப் போயிடும்ல? நான் காத்திருக்கேன்" என்று எழுந்து போனாள். நான் போட்ட கோடு ஒவ்வொன்றையும் அவள் காலால் அழித்துவிட்டாள். முழங்கால் வலியோடு.

அந்த வாரம் உண்மையிலேயே முழங்கால் வீங்கிவிட்டது. சனிக்கிழமை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நாலு பச்சைப் புடவைகள் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டன. இரண்டாவது மாடிக்காரியும் அதில் ஒருத்தி. "தெளிவோம்" என்றார்கள். நான் "உக்காருங்க" என்றேன். "அங்கிள் கொஞ்சம் உள்ள இருந்தா நல்லது" என்றார்கள், என் வீட்டுக் கூடத்தில். கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். "வராம இருக்க மனசு எப்படிம்மா வந்தது? அக்கா போன் பண்ணாங்களா? நீங்க எடுத்தீங்களா?" முழங்காலைப் பற்றி ஒருத்தி கேட்டாள், அதுவும் எழுந்து போகும்போது.

அவர்கள் போனதும் என் கையில் ஒரு நல்ல வாதம் சிக்கியது. "பாத்தியா? நான் ரெண்டு வருஷமா தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்குப் போகலை. பிள்ளையார் நாலு பேரை அனுப்பி ஏன் வரலைன்னு கேட்டாரா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள். "கால் வீங்கிக் கெடக்கேன். இவங்க வந்தாங்க. உங்க பிள்ளையார் வரலையே?"

மறுபடியும் தோற்றேன்.

அடுத்த புதன்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டாள். என் போனில். "தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள். ஒக்கலிபுரம் பாலத்தடியில் பஸ் அரைமணி நேரம் நின்றது. நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து, முன்னால் இருந்த ஆட்டோக்களை எண்ணி, அதிலும் வெறுத்துப்போய், இறங்கி நடந்தேன்.

அக்காவின் வீடு ஒரு சந்தில். எதிர்வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்முவார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். போகாத டாக்டர் இல்லை. இப்போது ஏழாம் மாதம் என்றாள். கண் வைத்துவிடுவார்கள் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். ஏழு பிறந்ததும் முதலில் தங்கையிடம் சொல்லத்தான் தினமும் போன் செய்திருக்கிறாள்.

"என் மேல அவளுக்கு என்ன கோவம் தம்பி?"

சொன்னேன். முதலில் சிரித்தாள். "ஃபில்டருன்னதுக்கா?" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வளைகாப்பு. முதல் வளையல் அவதான் போடணும். சொல்லிடுங்க."

"ஏன், நீங்க போடுங்களேன்."

"நானா?" என்றாள், நான் ஏதோ தெரியாத பிள்ளை பேசுகிற மாதிரி. "நான் எப்படித் தம்பி போடறது? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க எல்லாம் வருவாங்க. நான் சமையக்கட்டைப் பாத்துக்குவேன். பெத்தவ பக்கமா நின்னு போட அவளை வுட்டா எனக்கு யாரு இருக்கா?"

இன்றைக்குத் தண்ணீர் நாலு மணிக்கு வரும் என்று சொல்கிற குரலில் இதைச் சொன்னாள். புருஷனை இழந்தவள் மங்கல வளையலைத் தொடக் கூடாது. பெற்ற மகளுக்கானாலும் கூடாது. எனக்கும் இது தெரிந்ததுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, என் மனைவி கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தாள். "ஏழு மாசமா? நம்ம பொண்ணுக்கா?" என்றாள். முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம் பழைய ஆளாக இருந்தாள். "வயிறு எப்படி இருக்கு? புளிப்புக் கேக்கறாளாமா?" நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வரவில்லை. திட்டினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். மண்டலம் முடிய முப்பத்தேழு நாள் இருந்தது. வளைகாப்புக்கு ஒன்பது நாள்.

"அப்பாகிட்ட கேக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை நானும் கூடப் போய் மாடிப்படியில் செருப்புகளோடு நின்றேன். உள்ளே மாமனார் மௌனத்தின் பெருமையைப் பற்றி நாலு மொழிகளில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து என் மனைவி ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தாள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, அவள் உதட்டைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"போகக் கூடாதாம். ஆனா வளையல் மந்திரிச்சுக் குடுத்திருக்காரு. இதைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னாரு."

"நீ போனா என்னவாம்?"

"நான் பாதி தெளிஞ்சு நிக்கறேனாம். இப்பப் போனா, எனக்குள்ள இருக்கற கலக்கம் வயித்துல இருக்கற குழந்தைக்குப் போயிடுமாம்."

மெஷின் விற்ற காலத்தில் எந்த வீட்டில் என்ன பயம் என்று தெரிந்துகொண்டுதான் கம்பியைத் தண்ணீரில் விட்டிருப்பார். ஒன்பது வருஷம் கழித்து வந்த குழந்தை. இதற்கு மேல் பழுப்பாக்க என்ன இருக்கிறது?

"பைத்தியக்காரத்தனம்" என்று தெருவிலேயே கத்திவிட்டேன். "ஒரு பொண்ணு வளைகாப்புக்குச் சித்தி வரக் கூடாதுன்னு சொல்றவன் மனுஷனா?"

அவளும் தெருவிலேயே நின்றாள். "சித்தி வரக் கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு. சரி, அது தப்பு. பெத்த தாயே தொடக் கூடாதுன்னு யாரு சொன்னது? அவரா? அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. சொன்னது உங்க ஆளுங்க. அதுக்கு நீங்க ஒரு நாளாவது தெருவுல நின்னு கத்தினீங்களா?"

பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரன் எலுமிச்சம்பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அவற்றை எண்ண ஆரம்பித்தேன்.

அக்கா என்னிடம் கண்ணாடி வளையல் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். சிவாஜிநகரில் ஒரு வளையல் கடையில் நின்று, பச்சையும் சிவப்புமாக வாங்கி வந்தேன். கடைக்காரர் ஒவ்வொரு டஜனையும் நூலில் கோத்து, விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, பிறகுதான் தாளில் சுற்றினார். விரிசல் விட்ட வளையல் மொட்டைச் சத்தம் போடுமாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கினாள். தான் வரவில்லை என்றாலும், மஞ்சள், குங்குமம், சந்தனம், பூ, ஜாக்கெட் துணி எதையும் விடவில்லை. என் வளையல் பொட்டலத்தை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். கலகலவென்றது. அப்பாவின் அட்டைப்பெட்டியை எடுத்து அதே மாதிரி குலுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை குலுக்கினாள். பெட்டியைத் திறந்தாள்.

வெளிர்பச்சை பிளாஸ்டிக். அமுக்கினால் வளைந்தது.

"கண்ணாடி இல்லையே" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னோடு வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

"அப்பாவுக்குச் சத்தம் ஆகாது. சத்தம் கலக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வளைகாப்பே சத்தத்துக்குத்தானே? ஏழாம் மாசத்துல குழந்தைக்குக் காது கேக்கும். அம்மா கை அசைஞ்சா வளையல் பேசணும்னுதானே போடறது? இது எதுக்கு?" என்றாள். கேள்வி என்னிடம் இல்லை. பெட்டியை மூடிப் பையிலேயே வைத்தாள். மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் தனியாகத்தான் போனேன்.

அக்காவின் தெருக்கோடியில் மாரியம்மன் கோவிலை ஒட்டி ஒரு சின்ன ஹால். நாற்காலிகள் ஐம்பது, மின்விசிறி நாலு, சுற்றுவது மூன்று. மகள் பட்டுப்புடவையில், கன்னத்தில் சந்தனத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா சமையற்கட்டு வாசலில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றிருந்தாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். வரவில்லை என்று தெரிந்ததும், "காப்பி குடிச்சீங்களா தம்பி?" என்றாள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் முன்வரிசையில் இருந்தார். வைரத்தோடு, பெரிய உடம்பு, பெரிய குரல். "நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு. பொண்ணு வீட்டுப் பக்கம் ஆளில்லேன்னா நானே ஆரம்பிக்கறேன்" என்று வளையல் தட்டின் பக்கம் நகர்ந்தார். மகள் சமையற்கட்டு வாசலைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. என் மனைவி கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்கினாள். வெளிர்பச்சைப் புடவை. அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான் என்று பிறகு சொன்னாள். என்னைத் தாண்டி, பெரியம்மாவைத் தாண்டி, மணையில் இருந்த பெண்ணையும் தாண்டி, நேரே சமையற்கட்டு வாசலுக்குப் போனாள்.

"வாக்கா."

"வந்துட்டியாடி? போ, போய்ப் போடு. நேரமாச்சு."

"நீ வா. நீ போடு."

"நானா? சும்மா இருடி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க." அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

பெரியம்மா எழுந்தார். "என்னம்மா இது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குங்க. நான் இப்பத்தான் ஒரு முறையை ஒடைச்சிட்டு ஆட்டோவுல வந்து எறங்கறேன். கையோட இதையும் ஒடைச்சிடறேன். பாவம் வந்தா என் கணக்குல வெச்சுக்குங்க. எங்க வீட்டுக்காரரு எண்ணிக்குவாரு."

சிலர் சிரித்தார்கள். மகள் கையை நீட்டி, "போடும்மா" என்றாள்.

அக்கா பல வருஷமாகக் கண்ணாடி வளையலைத் தொடவில்லை. ஆனால் கை மறக்கவில்லை. மகளின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முட்டியை அமுக்கி, ஒரு கீறல் இல்லாமல் சிவப்பு வளையலை ஏற்றினாள். இரண்டாவதை ஏற்றியதும் அது முதலாவதோடு மோதியது. அந்தச் சத்தத்துக்கு அவள் அழுதுவிட்டாள். அடுத்து என் மனைவி போட்டாள். அதற்கடுத்து இரண்டு பேர். பெரியம்மா நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதாக அவரே எழுந்து, "தள்ளும்மா, எனக்கும் இடம் விடு" என்று வந்து போட்டார்.

பந்தியில் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் சாதங்கள், சர்க்கரைப் பொங்கல். பெரியம்மாவுக்கு முதல் வரிசையில் இலை. சாப்பிடும் நேரம் முழுவதும் பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன இருந்தாலும் இது சரியில்ல, எங்க வீட்டுல இப்படியெல்லாம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டே, "அந்தப் புளிசாதம் இன்னும் கொஞ்சம் வை" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்து, "நீயும் உக்காரும்மா, எவ்வளவு நேரம் நிப்ப? இலை காயுது" என்று தன் பக்கத்து இலையைக் காட்டினார்.

அக்கா உட்கார்ந்தாள்.

மாமனார் மந்திரித்த பிளாஸ்டிக் வளையல்களை அக்கா தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். இப்போது அவை சமையலறையில் கொத்தமல்லிக் கட்டுக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்கும் வளையமாக இருக்கின்றன. நன்றாக உழைக்கின்றன.

சாயங்காலம் நாங்கள் வீடு திரும்புவதற்குள் சபையின் கைபேசிக் குழுவிலிருந்து என் மனைவியின் பெயரை எடுத்துவிட்டார்கள். யார் சொல்லி எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. காரணம் கேட்கவில்லை, கால் எப்படி என்று கேட்கவில்லை. லிஃப்டில் இரண்டாவது மாடிக்காரி இருந்தாள். நாலு பேர் நிற்கும் லிஃப்ட். மூன்று பேர் நின்றோம். என் மனைவி நெஞ்சில் கை வைத்தாள், பழக்கம். அந்தப் பெண்மணி திரும்பி, லிஃப்டின் சுவரில் ஒட்டியிருந்த 'எடை வரம்பு' அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது மாடி வரும்வரை படித்தாள்.

என் மனைவி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. பொய் சொல்லக் கூடாது. அவளுக்கு அந்த நாற்பத்திரண்டு பேரும் வேண்டியவர்களாகத்தான் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, நான் காப்பியோடு போய் நின்றேன். கடைசியில் ஒரு வித்தியாசம் கிடைத்துவிட்டது. ராத்திரி முழுக்க அதைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், ஓட்டை இல்லை.

"கேளு. விதி எல்லா இடத்துலயும் இருக்கு. முட்டாள்தனமும் எல்லா இடத்துலயும் இருக்கு. விதியை ஒடைச்சவளுக்கும் பந்தியில இலை போட்டா அது மதம். ஒடைச்சவ பேரை எடுத்துட்டா அது உங்கப்பாவோட கூட்டம். நேத்து அந்த அம்மா திட்டினாங்க, ஆனா இலையைக் காட்டினாங்க. உன் சபையில திட்டக்கூட இல்லை, லிஃப்ட்ல சுவத்தைப் பாத்தாங்க. இதுதான் வித்தியாசம். இப்ப என்ன சொல்றே?"

இட்லிப் பானையை மூடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒப்புக்கொள்ளப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"நேத்து இலை போட்டாங்க, சரி" என்றாள். "அதுக்கு முன்னாடி எங்கக்கா எத்தனை விசேஷத்துல சமையக்கட்டு வாசல்லயே நின்னா? எல்லாத்தையும் எண்ணுவீங்களே, அதை எண்ணினீங்களா?"

எண்ணவில்லை. அவற்றில் பலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். நாற்காலி எத்தனை, மின்விசிறி எத்தனை, பந்தி எத்தனை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

மேஜைமேல் போன் அடித்தது. இட்லி இன்னும் வெந்திருக்கவில்லை, வழக்கத்தைவிடச் சீக்கிரம். வலிக்கிற முழங்காலோடு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் எடுத்தாள்.

"சொல்லுக்கா" என்றாள்.